மண்ணுக்குப் பரிசோதனை உண்டு, காதுக்கு?

விதைக்குமுன் மண்ணைப் பரிசோதிக்கிறோம். கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்கிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஆனால் டிராக்டர், ஆயில் எஞ்சின், கதிரடிக்கும் இயந்திரம் ஆகியவற்றின் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்று வேலை செய்கிறோமே, நம்முடைய காதை ஒரு தடவையாவது பரிசோதித்துப் பார்த்தது உண்டா?

"எனக்கென்ன, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று பலரும் சொல்லக்கூடும். கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவரும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தார். வயது 54. சொந்தக் காட்டு வேலை போக, 25 ஆண்டுகளாக வாடகைக்கு டிராக்டர் ஓட்டி வருகிறவர். அவருடைய மோட்டார் கெட்ட கதையிலிருந்து தொடங்குவோம்.

பேரிங் கத்தியது, காதில் விழவில்லை

சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக் கொண்டிருந்த சமயம். கிணற்று மேட்டில் 5 குதிரைத் திறன் மோட்டார் ஓடிக் கொண்டிருந்தது. களை எடுத்துக் கொண்டிருந்த அவர் மனைவி, "ஏனுங்க, மோட்டார் ஒரு மாதிரியா கீச்சுங்குதுங்க. போய்ப் பாருங்க" என்றார். இவர் போய் மோட்டார் பக்கத்திலேயே நின்று கேட்டார். வழக்கமான உறுமல்தான் காதில் விழுந்தது. "நல்லாத்தான் ஓடுது. உனக்கு எப்பவும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மறுநாளும் அந்த அம்மையார் சொன்னார். மறுநாளும் இவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் பேரிங் இறுகி, மோட்டார் நின்று, காயிலும் கருகிப் போயிற்று. காயில் கட்டும் கடைக்காரர் பேரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு மூணு நாளாவே கத்தியிருக்குமுங்களே, உங்க காதுக்குக் கேக்கலைங்களா?" என்றார்.

காயில் கட்டி மோட்டாரைத் திரும்ப மாட்டுவதற்குள் நான்கு நாட்கள் ஓடிவிட்டன. காய் பருக்கும் பருவத்தில் வெங்காயத்துக்கு ஒரு தண்ணீர் தவறிப் போயிற்று. செலவும் நஷ்டமும் ஒரு பக்கம் இருக்க, கடைக்காரர் கேட்ட கேள்விதான் அவரை உறுத்திக் கொண்டிருந்தது. வீட்டில் ஐந்தாறு ஆண்டுகளாக அதே கேள்வியைத்தான் கேட்டு வந்தார்கள். அப்போதெல்லாம், "நீ வாய்க்குள்ளேயே பேசினா எப்படிக் கேக்கும்?" என்று மனைவியையே அவர் குறை சொல்லி வந்தார்.

அடுத்த வாரம் மகனை அழைத்துக் கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக் கொண்டார். அங்கே அவர் தெரிந்து கொண்டவை நம் விவசாய அன்பர்கள் எல்லோருக்கும் பயன்படும்.

ஏன் இப்படி ஆகிறது?

ஒரே மோட்டாரின் உறுமல் கேட்கிறது; அதன் பேரிங் கீச்சிடுவது கேட்கவில்லை. இது எப்படி?

காதின் உட்பகுதியில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிர் போன்ற இழைகள் கொண்ட செல்கள், ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 இருக்கின்றன. இவைதாம் ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுப்பவை. நத்தைக் கூட்டின் வாயருகே இருக்கும் செல்கள் கீச்சென்ற மெல்லிய குரல்களையும், உள்ளே தள்ளி இருப்பவை கனத்த குரல்களையும் வாங்குகின்றன.

வயலில் ஒருவர் குறுக்கே நடந்து போனால் புல் சாய்கிறது; மறுநாள் நிமிர்ந்து விடுகிறது. அதே தடத்தில் நாள்தோறும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்து, அங்கே புல்லே முளைப்பதில்லை. பெரும் சத்தம் காதுக்குச் செய்வதும் இதுதான். நாள் முழுவதும் கதிரடித்துவிட்டு வந்த இரவு காது அடைத்தாற்போல் இருப்பதும், 'ஙொய்' என்று இரைவதும், விடிந்ததும் சரியாகி விடுவதும் நம்மில் பலர் அனுபவித்தது. அது புல் சாய்ந்து நிமிரும் நிலை. ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தால் அந்தச் செல்கள் செத்துப் போகின்றன. செத்த செல் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதற்கு இன்றுவரை மருந்தும் இல்லை.

சத்தத்தால் முதலில் அடிபடுவது கீச்சுக் குரல்களை வாங்கும் பகுதிதான். ஆகவே எஞ்சின் உறுமல், ஆட்கள் உரக்கக் கூப்பிடுவது, தவில் சத்தம் எல்லாம் முன்போலவே கேட்கும். சில்வண்டு இரைவது, பேரிங் கீச்சிடுவது, பேரக் குழந்தையின் மழலை ஆகியவை நழுவிப் போகும். வலி கிடையாது, சீழ் கிடையாது. எனவே, போனதே நமக்குத் தெரிவதில்லை.

பேச்சிலும் இதே கதைதான். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனத்தவை, அவை கேட்கும். க, ச, ட, த, ப போன்ற மெய்யொலிகள் மெலிந்தும் கூர்மையாகவும் இருப்பவை. அவை தேய்ந்து விடும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோல் காதில் விழும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. "சத்தம் கேக்குது, வார்த்தை புரியலை" என்று ஒருவர் சொன்னால், அவர் காதைப் பரிசோதிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

மண்டியில் நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசும்போது, காட்டுப் பாதையில் பின்னால் வண்டி வரும்போது, கதிரடிக்கும் இயந்திரத்தில் கை கொடுக்கும் ஆள் "நிறுத்து" என்று அலறும்போது இந்தக் குறை ஆளையே காவு வாங்கவும் கூடும். வேலைக்கு வருகிறவர்களின் உயிரும் நம் காதில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

எவ்வளவு சத்தம் அதிகம்?

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். இருவர் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். தினம் 8 மணி நேரம் வேலை செய்கிறவருக்கு 85 டெசிபல் வரைதான் ஓரளவு பத்திரம் என்று வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் காதின் மேல் விழும் சுமை இரட்டிப்பாகிறது. இருக்கக்கூடிய நேரம் பாதியாகிறது. 88 டெசிபலில் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 97-ல் அரை மணி, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்.

கூண்டு இல்லாத டிராக்டரில் உழும்போது ஓட்டுகிறவர் காதருகே 90 முதல் 100 டெசிபல் வரை சத்தம் இருக்கும். நாளைக்கு 8 மணி நேரம் உழுகிறவர் காதுக்கு எத்தனை மடங்கு சுமை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

அளக்கக் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு கை நீளத்தில், அதாவது மூன்றடி தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கும் என்றால் அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆகாது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

யார் பரிசோதித்துக் கொள்ள வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் இரண்டு மூன்று பொருந்தினாலும் பரிசோதனை அவசியம்.

1. வீட்டார் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறீர்கள்.
2. டி.வி., ரேடியோ சத்தத்தை நீங்கள் கூட்டி வைக்க, மற்றவர்கள் குறைக்கச் சொல்கிறார்கள்.
3. கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும் பேச்சு புரிவதில்லை; தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறீர்கள்.
4. போனில் ஒரு காதில் கேட்பது மறு காதில் தெளிவாகக் கேட்பதில்லை.
5. காதில் எப்போதும் இரைச்சல் இருக்கிறது.
6. சில்வண்டு சத்தத்தைக் கேட்டு நெடுநாளாகிறது.

இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் 50 வயதில் ஒரு தடவை பார்த்துக் கொள்வது நலம். 50 முதல் 64 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவையும், அதன்பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவையும் பார்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. டிராக்டரும் கதிரடிக்கும் இயந்திரமும் ஓட்டுவதே தொழிலாக உள்ளவர்கள் வயது பாராமல் ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. சர்க்கரை வியாதி உள்ளவர்களும், காசநோய்க்காக முன்பு ஊசி போட்டுக் கொண்டவர்களும் இதைத் தள்ளிப் போடக் கூடாது. அந்த ஊசிகளில் சில காது நரம்பைத் தாக்கக் கூடியவை.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நேற்று வரை நன்றாகக் கேட்ட காது, ஓரிரு நாளில் திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அது அவசர நிலை. குளிர்ந்த காற்று பட்டது, தானாகச் சரியாகும் என்று வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் காது திரும்ப வழி உண்டு. காதில் சீழ் வடிதல், தலைசுற்றல், ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாவது ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

சோதனை எப்படி நடக்கிறது?

நம் கோவை விவசாயிக்கு, ஊசி போடுவார்களோ, காதுக்குள் எதையாவது விட்டு நோண்டுவார்களோ என்று பயம் இருந்தது. அப்படி எதுவும் இல்லை. வலியே இல்லாத சோதனை இது.

முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவர் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்த்தார். வலது காதில் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, நான்கு நாள் விட்டு வரச் சொல்லி, பிறகு அதை எடுத்துவிட்டார். சிலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்து விடும். செவிப்பறை கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்த்தார். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி ஒலிக்க விட்டு, காதருகிலும் காதின் பின் எலும்பிலும் நெற்றியிலும் வைத்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று கேட்டார்.

அதன்பின் செவித்திறன் நிபுணரிடம் அனுப்பினார். அவர் ஓர் இளம்பெண். போன உடனே, "ஐயா, நேத்து டிராக்டர் ஓட்டினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க அம்மணி. முந்தாநாள்தான் ஓட்டுனேன்."

"அப்ப சரி. நேத்து ஓட்டியிருந்தா இன்னொரு நாள் வரச் சொல்லியிருப்பேன்" என்றார்.

இது எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. சத்தத்தில் வேலை செய்த காது சில மணி நேரம் தற்காலிகமாக மந்தமாக இருக்கும். அப்போது சோதித்தால் கணக்குத் தப்பாக வரும். சோதனைக்கு முன் குறைந்தது 14 முதல் 16 மணி நேரம் இயந்திரச் சத்தம், மேளம், வெடி எதுவும் காதில் படாமல் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தம் புகாத சிறு அறையில் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக 'பீப்' என்ற ஒலி வரும். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒலியைக் குறைத்துக் கொண்டே போய், எந்த அளவில் கேட்டும் கேட்காமலும் இருக்கிறது என்று குறித்துக் கொள்கிறார்கள். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை, கனத்த குரலிலிருந்து கீச்சுக் குரல் வரை, ஒவ்வொன்றாக இப்படிப் பார்க்கிறார்கள்.

இங்கே நம்மவர்கள் இரண்டு தவறு செய்வதுண்டு. நன்றாகக் கேட்டால்தான் அழுத்த வேண்டும் என்று காத்திருப்பது ஒன்று. மானம் போய்விடுமே என்று கேட்காததற்கும் அழுத்துவது மற்றொன்று. மிக மெல்லியதாகக் கேட்டாலும் அழுத்துங்கள். கேட்காவிட்டால் சும்மா இருங்கள். இது பரீட்சை அல்ல; மதிப்பெண் கிடையாது.

பிறகு காதின் பின்னால் உள்ள எலும்பில் ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைத்து அதே சோதனையைச் செய்தார்கள். சில சமயம் ஒரு காதைச் சோதிக்கும்போது மறு காதில் 'ஸ்' என்ற இரைச்சலை விடுவார்கள். நல்ல காது கள்ளத்தனமாகக் கேட்டுவிடாமல் இருக்கத்தான் இது. கடைசியாகச் சில சொற்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆயிற்று.

தாளைப் படிப்பது எப்படி?

சோதனை முடிந்ததும் ஆடியோகிராம் என்ற வரைபடத் தாளைக் கொடுப்பார்கள். இதைப் படிக்கத் தெரிந்து கொள்வது மண் பரிசோதனை அட்டையைப் படிப்பதைவிடச் சுலபம்.

இடமிருந்து வலமாகப் போகப் போகக் குரல் கனத்ததிலிருந்து கீச்சுக்குப் போகிறது. மேலிருந்து கீழே வர வரச் சத்தம் கூடுகிறது. சிவப்பு வட்டம் வலது காது. நீலப் பெருக்கல் குறி இடது காது. குறிகள் மேலே இருந்தால் காது நன்றாக இருக்கிறது. கீழே இறங்க இறங்கக் குறை அதிகம்.

நம் விவசாயியின் வலது காதில் 500 ஹெர்ட்ஸில் 20, 1,000-ல் 25, 2,000-ல் 40, 4,000-ல் 65 டெசிபல் என்று வந்தது. 8,000-ல் கோடு சற்று மேலே ஏறியிருந்தது. 4,000-ஐ ஒட்டி இப்படிக் குழி விழுந்தால் அது பெரும்பாலும் இயந்திரச் சத்தம் தோண்டிய குழி. பேரிங் கீச்சிடும் சத்தம் அந்தக் குழியில்தான் விழுந்து மறைந்திருக்கிறது.

இந்த நான்கு எண்களின் சராசரி 37.5. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 20 டெசிபலுக்குக் கீழ் இயல்பு. 20 முதல் 35-க்குள் லேசான குறை. 35 முதல் 50-க்குள் நடுத்தரக் குறை. அதற்கு மேல் படிப்படியாகக் கடுமை. ஆக அவருக்கு வலது காதில் நடுத்தரக் குறை. இடது காதில் சராசரி 32.5, லேசான குறை.

"வலது பக்கம் மட்டும் ஏனுங்க அதிகம்?" என்று அவர் கேட்டார். "உழும்போது கலப்பையை எந்தப் பக்கமா திரும்பிப் பாப்பீங்க?" என்று நிபுணர் திருப்பிக் கேட்டார். இடது தோள் பக்கமாகத் திரும்பிப் பார்ப்பது அவர் வழக்கம். அப்போது வலது காது எஞ்சினைப் பார்த்துத் திரும்பியிருக்கும். 25 ஆண்டு உழவு அந்தத் தாளில் எழுதியிருந்தது.

காதின் எந்தப் பகுதியில் கோளாறு என்பதையும் இத்தாள் காட்டும். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, ஹெட்போன் வழியாக மட்டும் குறைந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. குறும்பி, செவிப்பறை ஓட்டை, நடுக்காதில் நீர் போன்றவை இவ்வகை. இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிப்படுத்தலாம். இரண்டு வழியிலும் ஒரே அளவு குறைந்தால் கோளாறு உட்காதிலோ நரம்பிலோ இருக்கிறது. சத்தத்தாலும் வயதாலும் வருவது இவ்வகை. இதற்குக் காதொலிக் கருவிதான் துணை.

எங்கே போவது?

தேசியக் காது கேளாமை தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம் 2007-ல் 25 மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். செவித்திறன் சோதனை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று முன்பே தெரிந்து கொண்டு போனால் ஒரு நாள் கூலி வீணாகாது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனத்திலும், மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் இச்சோதனைக்கு நல்ல வசதி உண்டு.

தனியாரிடம் போவதானால் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள். சோதனை செய்கிறவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற செவித்திறன் நிபுணரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். கருவி விற்கும் கடையில் இலவசமாகச் சோதித்துத் தருவார்கள். அத்தாளை ஒரு காது மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு கருவியைப் பற்றி யோசியுங்கள். செல்போனில் பார்த்துக் கொள்ளும் சோதனை ஒரு கைகாட்டி மரம் போன்றது. அதுவே ஊர் ஆகிவிடாது.

போகும்போது வீட்டார் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். எது கேட்கவில்லை என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சாப்பிடும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

காதொலிக் கருவி

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், யாரும் சிரிப்பதில்லை. காதில் கருவி மாட்டினால் மட்டும் ஊரார் பட்டப் பெயர் வைப்பார்களோ என்று அஞ்சுகிறோம். கேட்காமலேயே தலையாட்டி, தப்பாகப் பதில் சொல்லி வாங்குகிற பெயரைவிட அது ஒன்றும் மோசமானதல்ல. பேச்சு புரியாதவர் நாளடைவில் கூட்டத்தை விட்டு ஒதுங்கி விடுகிறார். காது மந்தத்தைக் கவனிக்காமல் விடுவது முதுமையில் நினைவு மங்கும் நோய்க்கு ஒரு காரணமாக அமையலாம் என்றும் மருத்துவ வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள்.

கருவி ஆடியோகிராமுக்கு ஏற்றபடி அமைத்துத் தரப்பட வேண்டும். எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும் மலிவுக் கருவியைத் தபாலில் வாங்கி ஏமாற வேண்டாம். மாட்டிய முதல் சில வாரங்கள் எல்லாமே இரைச்சலாகத் தோன்றும். பழகப் பழகச் சரியாகும். வியர்வையும் ஈரமும் அதற்கு ஆகா. டிராக்டர் ஓட்டும்போது கருவியை மாட்டிக் கொள்ளக் கூடாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ குறை உள்ளவர்கள் செவித்திறன் குறையுடையோராகக் கருதப்படுவர். மருத்துவக் குழு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ சான்று அளித்தால், வருமான வரம்புக்கு உட்பட்டு அரசுத் திட்டங்களில் கருவி கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 60 வயதைக் கடந்த ஏழை முதியோருக்கு 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்திலும் காதொலிக் கருவி சேர்க்கப்பட்டுள்ளது.

மிச்சக் காதைக் காப்போம்

போனதை மீட்க முடியாது, இருப்பதைக் காக்கலாம்.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் பஞ்சு நுரைக் காதடைப்பான் விலை மலிவு. கையைக் கழுவிக் கொண்டு, அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பி அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெறும் பஞ்சையோ துணியையோ செருகுவதால் பயன் இல்லை. காது முழுவதையும் மூடும் கவசமும் உண்டு. கதிரடிக்கும் வேலைக்கு அது வசதி.

டிராக்டரின் ஓட்டை விழுந்த சைலன்சரை உடனே மாற்றுங்கள். ஆயில் எஞ்சினை வேலை செய்யும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரே ஆள் நாள் முழுவதும் இயந்திரத்தருகே நிற்காமல் ஆள் மாற்றி நில்லுங்கள்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு விட்டுக் குடைவது ஆகியவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். குறும்பி காதைக் காக்கவே சுரக்கிறது. குடைந்தால் அது உள்ளே போய் அடைக்கும், செவிப்பறையும் கிழியக்கூடும்.

எப்போது போகலாம்?

நம் விவசாயிக்கு அந்த அறையிலேயே ஒரு கருவியை மாட்டிக் காட்டினார்கள். சட்டைப் பையிலிருந்த தாள் சரசரத்தது கேட்டுத் திடுக்கிட்டாராம். குறை 60 டெசிபலை எட்டாததால் அவருக்கு அரசு உதவி கிடைக்காது. வெங்காயம் விற்ற பணத்தில் கருவி வாங்குவதாக இருக்கிறார். காதடைப்பான் மட்டும் அன்றே வாங்கிவிட்டார். இப்போது மோட்டார் போட்டதும் பேரிங் பக்கம் கையை வைத்து அதிர்வையும் சூட்டையும் பார்க்கிறார். வாரம் ஒரு தடவை மனைவியை அழைத்து, "நீயே கேட்டுச் சொல்லு" என்கிறார். ஐந்தாறு ஆண்டுகளாக அந்த வீட்டில் நடந்து வந்த சண்டை ஓய்ந்துவிட்டது.

அன்பர்களே, அறுவடை முடிந்து, இயந்திரங்களைக் கொட்டகையில் ஏற்றிவிட்டு, இரண்டு நாள் காது ஓய்ந்திருக்கும் காலமே இச்சோதனைக்கு ஏற்ற காலம். அடுத்த போகத்துக்கு மண் மாதிரி எடுத்துக் கொண்டு டவுனுக்குப் போகிறபோது, அப்படியே காதையும் காட்டிவிட்டு வாருங்கள். கொடுக்கும் தாளைப் பத்திரமாக வைத்து, அடுத்த தடவை வரும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோடு இறங்குகிறதா, நிற்கிறதா என்பது தெரியும். நிற்க வைப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.